திட்டாத குரல்

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானிகளுக்கு ரேடியோவில் வழி சொல்வது அந்த அதிகாரியின் வேலை. அவரிடம் திட்டு வாங்காத விமானியே கிடையாது. காலையிலிருந்து நின்று அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் வால்கொக்கி மாட்டினால்தான் விமானம் நிற்கும். கடைசி விமானம் இரண்டு முறை தவறவிட்டு மேலே எழும்பிவிட்டது. எரிபொருள் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் இருந்தது.

"பதறாதீங்க. நிதானமா வாங்க," என்றார் அதிகாரி. பக்கத்தில் நின்ற உதவியாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்த முறை கொக்கி மாட்டியது. விமானம் குலுங்கி நின்றது.

இறங்கி வந்த விமானி தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"பயப்படக் கூடாதுன்னுதான் தன்மையா பேசினேன்," என்றார் அவர்.

"நீங்க 'வாங்க'ன்னு மரியாதையா கூப்பிட்டதும்தான் பயமே வந்துச்சு, அப்பா. என் கதை முடிஞ்சுதுன்னே நினைச்சேன்."