தண்ணீர் என்று எழுதிய கேன்

கெசீனேயின் விமானம் வால் வழியாக ஒரு முழம் தீயைத் துப்பியது. பக்கத்துப் புல் பிடித்துக்கொண்டது.

பொம்மை விமானம்தான். ஆனால் வயிற்றுக்குள் இருப்பது நிஜ ஜெட் எஞ்சின். எங்கள் கிளப்பில் அவர் புதிது, ஊரில் பல் டாக்டர். முதல் தடவை ஸ்டார்ட் ஆகாமல் உள்ளே தேங்கிய எரிபொருளை வடிக்காமலே மறுபடி முடுக்கிவிட்டார்.

வட ஜெர்மனியில் எங்கள் லூனபுர்க் பக்கம் மூன்று வாரமாக மழை இல்லை. தீ புல்லில் ஊர்ந்து, நாலடி தள்ளி நின்ற என் விமானத்தை நோக்கி வந்தது. நாலு குளிர்காலம் உட்கார்ந்து நான் கட்டிய விமானம். அடுத்த ஞாயிறு அதற்கு மாநிலப் போட்டி.

"ஊவே, தீயணைப்பான் எங்கய்யா?" என்று யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கிளப் கொட்டகையில், இரும்பு அலமாரிக்குள், பூட்டி இருந்தது. அதன் சோதனை ஸ்டிக்கர் வியாழக்கிழமையோடு காலாவதி. காலாவதியான தீயணைப்பானை யாரும் தொடக்கூடாது என்பது விதி. பாதுகாப்புப் பொறுப்பாளர் நான். ஆகவே நானே பூட்டி, சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

"இங்க தண்ணி இருக்கு!" என்றான் கிளப் தோழன் எக்கார்ட்.

பிளம் கேக் வைத்திருந்த மேசைக்கடியிலிருந்து ஒரு கறுப்புக் கேனை இழுத்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அதன் மேல் பெரிய எழுத்தில் தண்ணீர் என்று எழுதியிருந்தது.

எழுதியவன் நான்தான். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.

போட்டிக்கென்று தொடாமல் வைத்திருந்த இருபது லிட்டர் விமான மண்ணெண்ணெய். நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் அளந்து கலந்தது. மூன்று முறை வடிகட்டியது. காற்று புகுந்து ஈரம் கட்டக் கூடாதென்று கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடியது. இதை வீட்டில் வைத்தால் என் மனைவி கேனோடு என்னையும் வெளியே வைப்பாள். கொட்டகையில் வைத்தால் யாரோ கைவரிசை காட்டினார்கள். வசந்த காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வேறு வழியில்லாமல் ஜூலையில் பெயரை மாற்றினேன். தண்ணீரை யார் திருடப்போகிறார்கள்?

அதன்பின் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மூடியைத் திறக்காமல் கையால் தூக்கிப் பார்ப்பேன். சொல்லப்போனால் இந்த வாரம் கொஞ்சம் கனம் கூடினாற்போல்கூட இருந்தது. வயதாகிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

எக்கார்ட் தீயை நெருங்கிவிட்டான்.

கத்தினால் ஏழாவது விதி பாயும். பொய்ப் பெயர் ஒட்டிய கேனில் எரிபொருள் வைப்பவருக்கு அந்தப் பருவம் முழுவதும் பறக்கத் தடை. பொதுக்குழுவில் முக்கால் மணி நேரம் பேசி அந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். கத்தாவிட்டால் எக்கார்டின் மீசை, பல் டாக்டர், என் விமானம் எல்லாம் சேர்ந்து போகும்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விநாடி யோசித்தேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"ஊத்தாத! எக்கார்ட், ஊத்தாத! அது தண்ணி இல்ல!"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பயந்தவன் முகம் இல்லை அது. வெந்துவிட்ட உருளைக்கிழங்கை வேகவில்லை என்று சொல்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மூடியைத் திருகினான், கேனைச் சாய்த்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது வெள்ளையாக ஆவி எழுந்தது. தீ இல்லை. என் விமானத்தின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புல் கறுப்பாக நனைந்து கிடந்தது.

மண்ணெண்ணெய் தண்ணீரைவிட லேசு. இருபது லிட்டருக்கு நாலு கிலோ குறையும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பவனும் நான்தான்.

"என்ன ஊவே, தண்ணி இல்லைன்னீங்க?" கெசீனே கேட்டார். "வேற என்னன்னு நினைச்சீங்க?"

பன்னிரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. யாரோ கேக்கை மெல்லுவதை நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு போட்டி.

"தண்ணிதாங்க," என்றேன். "பதட்டத்துல ஏதோ உளறிட்டேன்."

எக்கார்ட் காலிக் கேனை என் காலடியில் வைத்து, மூடியைப் பொறுமையாகத் திருகி இறுக்கினான்.

"கேன் மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் உள்ள இருக்கணும். ஏழாவது விதி," என்றான். "நீ எழுதினதுதானேய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். புல்லில் தீ அணைந்துவிட்டது, என் வயிறு எரிந்தது.

எஞ்சின் சத்தமே கூடாத மதிய அமைதி நேரம் மூன்று மணிக்கு முடிந்ததும் எக்கார்ட் தன் விமானத்தை எடுத்தான். போன வாரம்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருமி அணைந்த எஞ்சின் அது. இன்று பன்னிரண்டு நிமிடம், ஒரு செருமல்கூட இல்லாமல், பட்டுத்துணியைக் கிழிக்கிற மாதிரிச் சத்தத்தோடு விமானம் பறந்தது.

அது இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.