ஓ, தி காசா

கொடியில் புருஷன் ஒடிலோனின் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. லிந்தால்வா மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது, படலுக்கு வெளியே யாரோ மூன்று முறை கை தட்டினார்கள்.

"ஓ, தி காசா..."

வீட்டில் இருப்பவர்களே என்று அர்த்தம். அந்த முள்காட்டுப் பக்கம் வெளியாள் எவனும் இப்படிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் நிற்பான். வீட்டு ஆட்கள் கொடுப்பதில்லை. உள்ளேயிருந்து "ஓ, தி ஃபோரா", அதாவது வெளியே நிற்பவரே, என்று பதில் போய்விட்டால் அவன் விருந்தாளி. அப்புறம் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியாது.

லிந்தால்வா கத்தியோடு எழுந்தாள். அடுத்த வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி. போன மாதம்தான் தனியாக இருந்த ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டு வந்தவன், கத்தியைக் காட்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

சன்னல் இடுக்கில் பார்த்தாள். தாடி, கிழிந்த பை, முகத்தை மறைக்கும் தொப்பி. யாரைக் கண்டாலும் குதறப் போகும் கிழட்டு நாய் பியாபா, படலுக்கடியில் மூக்கை நுழைத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நன்றிகெட்ட நாய் என்று பல்லைக் கடித்தாள்.

பதில் வார்த்தையைச் சொல்லாமல், "யாரது? என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" குரல் கரகரத்தது.

அவள் கிழங்குக் கத்தியை இறுகப் பிடித்தாள். உள்ளறைப் பக்கம் திரும்பி, வாசலுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"ஒடிலோன், எந்திரிய்யா. யாரோ வந்திருக்காங்க. வரும்போது துப்பாக்கியையும் எடுத்துக்கிட்டு வா."

உள்ளறையில் யாரும் இல்லை. கட்டட வேலைக்கென்று சாவோ பாவ்லோவுக்குப் போன ஒடிலோன், ஆறு வருஷமாக ஒரு கடிதம்கூடப் போடவில்லை. சனிக்கிழமைதோறும் அவன் சட்டையை நனைத்துக் கொடியில் போடுவதும், ஆள் வந்தால் அவன் பேரைச் சொல்லிக் கத்துவதும்தான் அவளுக்கு இருந்த காவல்.

வந்தவன் நகரவில்லை. கொடியில் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் உள்ள இல்ல," என்றான்.

வந்தவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"உள்ள வரலாமான்னு கேட்டு வாசல்ல நிக்கிறான், லிந்தால்வா."