போட்டு வாறன்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில், பாரந்தூக்கியின் உச்சியில் வசீகரன் நிற்கிறான். சாகசத்துக்காகக் கயிறில்லாமல் கீழேயுள்ள வலையில் குதிக்கப் போகிறான். மாலை வெயிலில் கடல் விரித்துப்போட்ட ஈரச்சேலைபோலக் கிடக்கிறது. அவன் எடைக்கு நிரப்பிய மணல்மூட்டை மூன்று முறை விழுந்து, வலையில் ஏணைத் தொட்டில்போல ஆடி அடங்கிவிட்டது. வலையை முடிச்சு முடிச்சாகத் தொட்டுப் பார்த்த கேதீஸ்வரியின் கையில் பச்சைக்கொடி இருக்கிறது. அவள் அதை உயர்த்தினால்தான் அவன் குதிக்கலாம். காற்றும் ஓய்ந்துவிட்டது. வோக்கிடோக்கியில் கனடாவில் வளர்ந்த அவன் குரல் மிதந்து வருகிறது: "அக்கா, நான் போறன்." கொடி அசையவில்லை. "அப்பிடிச் சொல்லக்கூடாது தம்பி. திரும்பி வாற மாதிரி வடிவாச் சொல்லும்." மேலே ஒரு சிரிப்பு கேட்டு அடங்குகிறது. ஒரு கடற்காகம் அவனைச் சுற்றிப் போகிறது. "போட்டு வாறன், அக்கா." கொடி எழுகிறது. உச்சியில் இப்போது வெயில் மட்டும் நிற்கிறது.