செகண்ட் கியர்

"ஏறிப் போய்ப் பாரு கண்ணு," என்றார் முதலாளி. "கியரு எதுல கெடக்குதுன்னு பாரு. நியூட்ரல்ல இல்லீன்னா, நியூட்ரலுக்குத் தள்ளி உட்டுட்டு வா."

முதலில் அவனுக்குப் புரியவில்லை.

புரிந்ததும் லாரியைத் திரும்பிப் பார்த்தான்.

திம்பம் மலை இறக்கம். கொண்டை ஊசி வளைவில் பாறையோடு முட்டி நசுங்கிக் கிடந்தது லாரி. ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அர்த்தனாரி. செத்துவிட்டான். கேபினை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தீயணைப்பு வண்டியும் போலீஸ் ஜீப்பும் கீழே வண்டி நெரிசலில் மாட்டியிருந்தன.

இதே முதலாளியின் இன்னொரு லாரியைப் பின்னால் ஓட்டி வந்தவன் அவன். முதலாளி பண்ணாரியம்மன் கோயிலுக்கு வந்திருந்தாராம். யார் பைக்கிலோ தொற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். நெற்றியில் பூசிய கோயில் புற்றுமண் இன்னும் காயவில்லை.

வந்த மனுஷன் அர்த்தனாரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார். சாலையெல்லாம் சிதறிக் கிடந்த மக்காச்சோளத்தைப் பார்த்து, "அய்யய்யோ" என்றார்.

குரங்குகள் கன்னம் புடைக்கச் சோளத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் உண்டு. கியர் நியூட்ரலில் இருந்தால் தப்பு செத்தவன் தலையில் விழும். அவன் பெண்டாட்டி கோகிலாவுக்கு நஷ்ட ஈடு என்று சல்லிக்காசு வராது. கியர் போட்டிருந்தால், பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு இந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரேக் லைனிங் தேய்ந்துபோச்சு, தேய்ந்துபோச்சு என்று அர்த்தனாரி நாயாய்க் கத்தினான். "அடுத்த ட்ரிப்புல பாத்துக்கலாம்" என்பதைத் தவிர இந்த ஆளின் வாயிலிருந்து வேறு பதில் வந்ததே இல்லை.

"செத்தவன் செத்துட்டான். நாம பொழைக்கோணுமில்ல? அடுத்த மாசம் புது வண்டி வருது. உனக்குத்தான் கண்ணு."

கண்ணாம், கண்ணு! நேற்று வரைக்கும் 'டேய்'.

ஏறினான். ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறினானே, அதை என்னவென்று சொல்ல?

உள்ளே ரத்தமும் டீசலும் கலந்த வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

கியர் செகண்டில் இருந்தது.

அர்த்தனாரி ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறான்.

கியர் ராடின் மேல் கையை வைத்தான். வைத்தது உண்மை. புது வண்டியை நினைத்துக்கொண்டதும் உண்மை. ஓர் இழுப்பு இழுத்தான். வரவில்லை. கிளட்சை மிதித்தால்தான் வரும். கால் வைக்க இடம் தேடிக் கீழே பார்த்தான்.

அர்த்தனாரியின் இரண்டு கால்களும் பிரேக்கின் மேல் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக. செருப்பு கழன்று, விரல்கள் மடங்கி.

சீ என்று வந்தது, தன் மேலேயே.

கையை எடுத்தான். தட்டுத்தடுமாறி இறங்கி, சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான்.

முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆச்சா கண்ணு?"

வாயைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"எங் குடும்பத்தையே காப்பாத்திட்டே சாமி." முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கை பட்ட இடமெல்லாம் பூரான் ஊர்ந்த மாதிரி இருந்தது.

ஜீப் ஒருவழியாக வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்தபடி எதிரே ஓடினார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனுங் சார், எறக்கத்துல நியூட்ரல்ல உடாதடான்னு. கேட்டானா பாவி? நாஞ் சொல்றத நம்ப வேண்டாமுங். நீங்களே ஏறிக் கியரப் பாருங். மொதல்ல அதப் போட்டோ எடுத்துக்கோங்."

எஸ்.ஐ. செல்போனோடு கேபினில் ஏறினார்.

முதலாளி திரும்பி அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவன் காறித் துப்பினான். பிறகு தன் லாரியில் ஏறி, பையையும் லுங்கியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.