எடைக்கு எடை

"ஒரு பவுண்டுன்னா எத்தன கிலோ கண்ணு?"

அரிசிக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த செம்மொழி நிமிர்ந்தாள். கேட்டவள் இருதயம்மாள். பூம்புகார் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதம் ஒருமுறை மயிலாடுதுறைக்கு அரிசி வாங்க வருபவள். இன்று மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மடித்த தாள் ஒன்று.

"அரை கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிங்க பெரியம்மா."

"கொஞ்சம்னா ஆகாது. கரெக்டா வேணும். நேர்த்திக்கடன். அவன் வீடு வந்து சேந்தா, எடைக்கு எடை அரிசி கோயில் சாப்பாட்டுக்குக் குடுக்கிறதா மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். பதினொரு மணிக்கு ஒல வச்சிருவாங்க."

முதலாளி அண்ணாதுரை கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒங்க மவன் இருக்கிற அமெரிக்காவுலதான் புள்ள எடைய பவுண்டுல சொல்லுவான். வந்தாச்சாக்கா? பேரனா, பேத்தியா?"

"ஆம்பளப் புள்ள. நேத்து வந்தான்."

"பேரு?"

"ஜெனித்."

"கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் ப்ளேன்ல..."

"மடியிலயே வச்சுக் கொண்டாந்துட்டாங்க."

"அழுதிருப்பானே?"

"இல்ல. சத்தமே இல்ல."

"சமத்து!"

அண்ணாதுரை தாளை வாங்கி, மடிப்பைப் பிரிக்காமலே மேலாகப் பார்த்தார். "அஞ்சு, எட்டு. அஞ்சு கிலோ எண்ணூறு. போடும்மா செம்மொழி. அமெரிக்கப் பாலுன்னா சும்மாவா!"

செம்மொழி அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்; எண்களுக்குப் பக்கத்தில் பவுண்டு, அவுன்ஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். முதலாளியைத் திருத்திப் பழக்கமில்லை. ஆனால் இருதயம்மாளின் விரல்கள் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தன. தப்பான எடையில் நேர்த்திக்கடன் கழியுமா?

"கிலோ இல்லைங்க..." என்றாள் மெதுவாக. "அஞ்சு பவுண்டு, எட்டு அவுன்ஸ். பதினாறு அவுன்ஸ் சேந்தாத்தான் ஒரு பவுண்டு. அப்போ இது அஞ்சரை பவுண்டு."

யாருக்கும் காட்டாத தன் நோட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். மரக்கால், படி, பவுண்டு என்று எங்கோ கேட்ட அளவெல்லாம் அதில் இருந்தது. ஒரு பவுண்டுக்கு நானூற்று ஐம்பத்து மூன்று கிராமும் சொச்சமும். பெருக்கினாள். இன்னொரு முறையும் பெருக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ நானூத்தித் தொண்ணூத்தஞ்சு கிராம்."

"ரெண்டரைதானா?" அண்ணாதுரைக்கு ஏமாற்றம். "பூஞ்சையா இருக்கானேக்கா. இங்க நம்ம ஆஸ்பத்திரியிலேயே மூணு கிலோவுக்குக் கொறையாம பொறக்குது."

"எம்புள்ள பொறந்தப்பவும் இதே எடைதான்," என்றாள் இருதயம்மாள்.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு சொல்லுங்க! கவலப்படாதீங்க, போகப் போகத் தேறிருவான்."

இருதயம்மாள் பையை மடியில் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

செம்மொழி பொன்னி அரிசியை அள்ளி எடை மெஷினில் வைத்தாள். இரண்டு கிலோ ஐநூறு காட்டியது.

"போதும், கட்டிக் குடு. அஞ்சு கிராமுல என்ன வந்துச்சு," என்றார் அண்ணாதுரை.

"வேணாம் தம்பி. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். அவன் எடை எதுவோ அதுதான்."

செம்மொழி ஒரு சிட்டிகை அரிசியைத் திரும்ப எடுத்தாள். எண் சரியாக நின்றது. பொட்டலம் கட்டினாள்.

"அந்தப் பையைக் கீழ வச்சிட்டு இதை வாங்கிக்குங்க பெரியம்மா."

"அதக் கீழ வைக்கக் கூடாது கண்ணு. கோயிலுக்குப் போகுது."

"ஒருநா பேரனைத் தூக்கிட்டு வாங்கக்கா," அண்ணாதுரை சிரித்தார். "நம்ம மெஷின்லயே நிறுத்துப் பாத்துருவோம்!"

திருப்பிக் கொடுக்க எடுத்தபோது தாளின் மடிப்பு விரிந்தது. செம்மொழி மேல்பாதியைப் படித்தாள். ஜெனித் என்ற பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள். முதலாவது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது. இரண்டாவது போன மாதத்தது. அதன் கீழே, சாம்பலின் எடை.

அரிசிப் பொட்டலத்தை வாங்கித் துணிப்பையோடு சேர்த்து, கைக்குழந்தையை ஏந்துவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு, இருதயம்மாள் கடைப்படி இறங்கிப் போனாள்.