ஐந்தாம் கட்டிலில் சிவப்பு

"மேடம், அஞ்சாம் பெட்டு மறுபடியும் சிவப்பாயிடுச்சு."

நர்ஸ் தேவதர்ஷினி சொன்னபோது, டாக்டர் தமிழ்ப்ரியா ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவாக்கிலேயே கண்ணயர்ந்திருந்தாள். நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தவள். இன்று பதினொன்றாகியும் அவளை மாற்றிவிட வேண்டிய டாக்டர் வந்தபாடில்லை.

மேசை மேலிருந்த கம்ப்யூட்டரில் எட்டுக் கட்டில்களுக்கும் எட்டுக் கட்டங்கள். ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளின் விவரங்களிலிருந்து கற்றுக்கொண்ட புரோகிராம் அது. அடுத்த சில மணி நேரத்தில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லும். ஐந்தாம் கட்டத்தில் 'ஆபத்து 84 சதவீதம்' என்று சிவப்பாக மின்னியது.

"மானிட்டரை மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன் மேடம். அதுவும் இதையேதான் காட்டுது."

தமிழ்ப்ரியா டீயை வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் கட்டிலில் கரியாலூர் சின்னராசு. சாமைக் காட்டில் கட்டுவிரியன் கடித்து, மூச்சு நின்று, மூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவர். நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களைக்கூட நேற்றே எடுத்தாயிற்று; நாடியையும் ஆக்சிஜனையும் அளக்கும் விரல் கிளிப் மட்டும்தான் பாக்கி. தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். அவருடைய இடது கையைப் போர்வைக்குள் பற்றியபடி ஸ்டூலில் மனைவி அம்சவள்ளி. மாற்றி உட்கார ஆளில்லாததால், ஐந்து நாளாக அவளே.

"எப்படி இருக்கு?"

"நல்லாக்கீறேன் டாக்டரம்மா. எப்ப வூட்டுக்கு அனுப்புவீங்க?"

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. கழுத்தில் நாடி நிதானமாக ஓடியது.

"இன்னாங்க... அவருக்கு... ஏதாச்சும் ஆவுதா?" வார்த்தைக்கு வார்த்தை நின்று கேட்டாள் அம்சவள்ளி.

பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் தமிழ்ப்ரியா. "ஒண்ணுமில்லம்மா. மெஷின் தப்பா காட்டுது. பயப்படாதீங்க."

தலைமை டாக்டர் விஜயராகவனுக்குப் போன் போட்டாள்.

"சிவப்பா இருந்தா நகர்த்தாதீங்கம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதான் முன்னாடியே சொல்லுச்சேன்னு நம்மளைத்தான் கேப்பாங்க."

"சார், ஆளு உக்காந்து இட்லி சாப்பிடுறாரு. சாயங்காலம் ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தர் வராரு. அவருக்குப் பெட்டு வேணும்."

"அப்ப உங்க பொறுப்பு." போன் அடங்கியது.

பத்து நாளுக்கு முன்பு ஒரு பெண்ணுக்கு இதே மாதிரி சிவப்பு காட்டியது. அன்றைக்கு அதைத் தமிழ்ப்ரியா நம்பவில்லை. மறுநாள் அந்தப் பெண் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு சிவப்புக்கும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பத்தில் எட்டு ஒன்றுமில்லாமல் போயிற்று. முதலில் கால் ஓய்ந்தது. இப்போது மனசும் ஓய்ந்துவிட்டது.

மறுபடி போய்ச் சின்னராசுவின் கண்ணைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், வலது கையைத் தூக்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. இனி யாரை நம்புவது? நோயாளியையா, திரையையா?

கேஸ் ஷீட்டில் 'என் பொறுப்பில் வார்டுக்கு மாற்றப்படுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சின்னராசு தானே எழுந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். ஊழியர் ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ போ... துணிமணி... எடுத்துக்கினு வரேன்," என்ற அம்சவள்ளி ஸ்டூலை விட்டு எழவில்லை.

தமிழ்ப்ரியா நாற்காலியில் சரிந்தாள். அந்த மனுஷன் வார்டில் நன்றாக இருக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்தாள்.

"மேடம்!" தேவதர்ஷினியின் குரல் உயர்ந்தது. "அவரு வார்டுக்குப் போயிட்டாரு. ஆனா அஞ்சாம் பெட்டு இன்னும் ஓடிக்கினு இருக்கு. தொண்ணூறு சதவீதம் காட்டுது!"

தமிழ்ப்ரியா ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினாள். விரலில் மாட்டும் கிளிப்பின் ஒயர் காலிக் கட்டிலைத் தாண்டி, ஸ்டூலில் இருந்த அம்சவள்ளியின் விரலில் போய் முடிந்தது.

"விடிகாலையில... விரலு வலிக்குதுன்னாருங்க... சித்த தூங்கட்டுமேன்னு... நான் மாட்டிக்கினேன்," என்று மூச்சுத் திணறியவளின் முகத்தைத் தமிழ்ப்ரியா அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.