டேப் தொடும்போது

டேப் இடுப்பைத் தொட்டதும் கதிரேசனின் வயிறு தானாக உள்ளே போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒவ்வொரு அளவு வந்தது. இத்தனை மாதம் காலையில் நடைப்பயிற்சி போனதில் தொப்பை குறைந்ததா என்றே தெரியவில்லை. நடப்பதை விட்டுவிடலாம் என்ற களைப்பில் இருந்தார்.

“போட்டோவா எடுக்கறேன்? வயித்த விடுங்க,” என்றாள் மனைவி செண்பகம்.

“விட்டுட்டுத்தான் நிக்கறேன்.”

“நல்லா விட்டீங்க.”

அவள் அவருடைய பனியனைத் தூக்கி, கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தேடி, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினாள். தோலை அழுத்தாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நேத்து ஆபீஸ்ல என்ன ஆச்சு? வந்ததுலேர்ந்து பேசவே இல்ல.”

“என்ன ஆகும்? நான் கேட்டிருந்த சீட்டுல வேற ஆளைப் போட்டுட்டாங்க. நான் பழைய இடத்துலயே கிடக்க வேண்டியதுதான்.”

சொல்லி முடித்ததும் தோள்கள் தளர்ந்தன. வயிறு தன் இடத்துக்கு வந்தது.

“தொண்ணூத்தொம்பது சென்டிமீட்டர்.”

“கூடியிருக்கா?”

“இதான் நிஜம். முன்னாடி எடுத்ததெல்லாம் கணக்குல சேராது. இனிமே குறையுதான்னு பாப்போம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நடக்கக் கிளம்பியவரை நிறுத்தி, அதே இடத்தில் டேப்பைச் சுற்றி, ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லி முடித்து, அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அளவைப் படித்தாள்.